ஈயக் குண்டும் வேட்டை இறைச்சியும்: துளைத்ததா, நசுக்கியதா?

"பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சுட்டார்கள். அப்புறம் என்ன, ஹலால்தானே?"

மலையடிவார ஊர்களில் வேட்டைக்கறி பற்றிய பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரை என்று சிறுமலையின் நிழலில் இருக்கும் ஊர்களானாலும் சரி, ஆத்தூர் பக்கம் கொடைக்கானல் மலையின் அடிவாரமானாலும் சரி, காடு நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. எங்கோ ஒருவர் நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட மானோ முயலோ பொட்டலமாக வாசலுக்கு வரும்போது, வாங்கலாமா கூடாதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவில் மார்க்கமும் இருக்கிறது, நாட்டின் சட்டமும் இருக்கிறது, வீட்டுக் குழந்தைகளின் உடல்நலமும் இருக்கிறது.

இந்த மூன்றுமே ஒரு சின்ன விஷயத்தில் வந்து சேர்கின்றன. சுட்டவர் பயன்படுத்திய குண்டு எப்படிப்பட்டது? அது விலங்கைத் துளைத்ததா, நசுக்கியதா? இந்தக் கட்டுரையில் அதைத்தான் விளக்க முயல்கிறோம்.

வாய் வழியே நிரப்பும் துப்பாக்கி

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வது பெரும்பாலும் குழலின் வாய் வழியே நிரப்பும் துப்பாக்கியைத்தான். உரிமத் தாள்களில் இதை எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி நிரப்புவது என்று பொருள். இலங்கைத் தமிழர்கள் இதை 'இடியன்' என்பார்கள். கம்பியால் இடித்து இடித்து மருந்தை நிரப்புவதால் வந்த பெயர்.

முதலில் கரிமருந்து, அதன்மேல் அடைப்பு, அதன்மேல் குண்டு என்று குழல் வாயிலிருந்து கம்பியால் தள்ளி இறுக்க வேண்டும். பின்பக்கம் உள்ள சிறு முனையில் கேப் வைத்து விசையை இழுத்தால் தீப்பொறி உள்ளே பாயும், மருந்து வெடிக்கும், குண்டு பறக்கும். ஒரு முறை சுட்டுவிட்டால் அடுத்ததற்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழகிய கைக்குக்கூட அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் காயம்பட்ட விலங்கு புதருக்குள் மறைந்துவிடும். ஆகவே இந்தத் துப்பாக்கியில் முதல் குண்டே கடைசிக் குண்டு. எந்தக் குண்டை நிரப்புகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

திண்டுக்கல்லுக்கு இந்தத் துப்பாக்கி புதிதல்ல. ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக வந்தபோது, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியோடு இங்கே ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். அவருடைய வீரர்கள் தோளில் சுமந்ததும், அவரை எதிர்த்த பாளையக்காரர்களின் ஆட்கள் தூக்கியதும் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளே. அன்று உலகம் முழுவதும் இருந்த வழக்கம் அதுதான்.

உருண்டையா, கூம்பா?

துப்பாக்கிக் குழலில் இரண்டு வகை உண்டு. உட்புறம் வழவழப்பாக இருப்பது ஒன்று. திருகாணியில் இருப்பதுபோல உட்புறம் புரி வெட்டப்பட்டிருப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையைத்தான் ரைஃபிள் என்கிறோம். புரி, வெளியேறும் குண்டைச் சுழல வைக்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தடுமாறாமல் நேரே செல்கிறது. வழவழப்பான குழலிலிருந்து வரும் ஒற்றைக் குண்டு 50 மீட்டரைத் தாண்டினாலே எங்கே போய்ப் படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

குண்டிலும் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று ஈய உருண்டை. குழலின் வாயைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும் இதை, எண்ணெய் தடவிய துணித்துண்டில் வைத்து உள்ளே தள்ளுவார்கள். அந்தத் துணிதான் புரியைப் பற்றிக்கொண்டு உருண்டையைச் சுழற்றும். இன்னொன்று கூம்பு வடிவக் குண்டு. முன்பக்கம் முனையாகவும் பின்பக்கம் உருளையாகவும் இருக்கும்.

எடையைப் பார்த்தால் வேறுபாடு எளிதில் புரியும். அரை அங்குலக் குழலுக்கான ஈய உருண்டை ஏறத்தாழ 11.5 கிராம். அதே குழலுக்கான கூம்புக் குண்டு 23 முதல் 26 கிராம் வரை இருக்கும். உருண்டையின் எடையைக் கூட்ட வேண்டுமானால் குழலையே அகலமாக்க வேண்டும். கூம்புக் குண்டை நீளமாக்கினாலே போதும்.

காற்றும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. உருண்டை வேகமாகப் புறப்படும், ஆனால் காற்று அதை வெகு சீக்கிரம் மட்டுப்படுத்திவிடும். அரை அங்குல உருண்டை 100 மீட்டரைக் கடப்பதற்குள் தன் வேகத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடுகிறது. வேகம் அந்த அளவுக்குக் குறைந்தால் தாக்கும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கூம்புக் குண்டு மெதுவாகப் புறப்பட்டாலும் தன் வேகத்தை நெடுந்தூரம் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் அது ஆழமாகத் துளைக்கும்.

இவற்றைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. நம் பகுதியில் அதிகம் புழங்குவது அதுதான். வழவழப்பான குழலில் ஒரே நேரத்தில் பல சிறு குண்டுகளைக் கொட்டிச் சுடுவது. ரவை என்றும் சில்லு என்றும் இதைச் சொல்வார்கள். சைக்கிள், மோட்டார் சக்கரங்களில் இருக்கும் எஃகுக் குண்டுகளை, அதாவது பால்ரஸை, இதற்குப் பயன்படுத்துவதும் உண்டு. பறவைக்கும் முயலுக்கும் என்று ஏற்பட்ட இந்த முறையை மான் போன்ற பெரிய விலங்கின்மேல் பயன்படுத்தும்போதுதான் விபரீதம். சிறு குண்டு உயிர்நிலை வரை போகாது. தோலிலும் சதையிலும் தங்கிவிடும். விலங்கு ஓடிப்போய்ப் பல நாள் புழுத்துச் சாகும்.

காடுகளில் நடந்த ஒரு வாதம்

உருண்டையா கூம்பா என்ற வாதம் மும்முரமாக நடந்த இடங்களில் நம் துணைக்கண்டமும் ஒன்று. கூம்புக் குண்டு பிறந்த கதையில் தென்னிந்தியாவுக்குப் பங்கு இருப்பதாகத் துப்பாக்கி வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிருந்த ஜான் நார்ட்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தென்னிந்திய மக்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்பைக் கவனித்தார். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி செருகப்பட்டிருந்தது. ஊதியவுடன் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ள, காற்று வீணாகாமல் அம்பு பாய்ந்தது. அடிப்பகுதி குடைவாக உள்ள குண்டும் மருந்து வெடிக்கும்போது இதேபோல விரிந்து குழலோடு ஒட்டும் என்று அவர் கண்டுகொண்டார். பின்னர் பிரான்சின் மினியே 1849-இல் செம்மைப்படுத்திய குண்டும் இதே தத்துவத்தில் அமைந்ததே.

எனினும் வேட்டைக்காரர்கள் உடனே கூம்புக்கு மாறிவிடவில்லை. இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சித் 1863-இல் வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். காட்டில் விலங்கு பெரும்பாலும் கிட்டத்தில்தான் தென்படும், புதருக்கு நடுவே தூரத்தைச் சரியாக மதிப்பிட முடியாது, ஆகவே வளைந்து போகாமல் நேராகப் பாயும் குண்டே வேண்டும் என்பது அவர் வாதம். அகன்ற குழல், மென்மையாகத் திரும்பும் புரி, நிறைய மருந்து, பெரிய ஈய உருண்டை ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்த ஒரு துப்பாக்கி மட்டும் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ எடை. 3 அவுன்ஸ் உருண்டையோ 4 அவுன்ஸ் கூம்புக் குண்டோ அதில் போட்டுச் சுடுவார். 4 அவுன்ஸ் என்றால் 113 கிராம் ஈயம்.

இந்த வேட்டைகளை நாம் புகழவில்லை. நம் காடுகள் வெறுமையானதில் அந்தத் துரைமார்களின் பொழுதுபோக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் வாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அடிபட்ட விலங்கு அங்கேயே விழுமா, காயத்தோடு ஓடுமா? அந்தக் கேள்வி நமக்கும் முக்கியம்.

கூம்புக் குண்டு நம் வரலாற்றில் இன்னோர் இடத்திலும் வருகிறது. 1857-இல் சிப்பாய்களுக்குத் தரப்பட்ட என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி நிரப்புவதே. அதன் குண்டு புரியில் சிக்காமல் இறங்க, தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவப்பட்டது. அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்தது என்ற செய்தி பரவ, மீரட்டில் 85 சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். 1857 மே 10-இல் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. என்றாலும், வாய்க்குள் என்ன போகிறது என்பதில் இந்து, முஸ்லிம் இருவரும் காட்டிய அந்தப் பேணுதல் நினைவில் வைக்கத்தக்கது.

நபிமொழி தந்த அளவுகோல்

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். உணவுக்காக வேட்டையாடுவதை இஸ்லாம் அனுமதித்திருக்கிறது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் அல்ல. திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் (5:3) தடுக்கப்பட்ட உணவுகளைப் பட்டியலிடும்போது, தானாகச் செத்தது, கழுத்து நெரிக்கப்பட்டது ஆகியவற்றோடு, அடித்துக் கொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொல்கிறது.

இதற்கான விளக்கம் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியில் கிடைக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. இறகில்லாத ஒரு வகை அம்பால் வேட்டையாடுவது பற்றி அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அம்பின் கூர்முனை பட்டுத் துளைத்திருந்தால் உண்ணலாம் என்றும், அம்பின் பக்கவாட்டு மோதி அந்த அடியால் இறந்திருந்தால் உண்ணக் கூடாது என்றும் விடை கிடைத்தது. ஒரே அம்பு, ஒரே வேட்டைக்காரர், ஒரே பிஸ்மில்லாஹ். ஆனால் துளைத்துக் கொன்றால் ஒரு சட்டம், மோதிக் கொன்றால் வேறு சட்டம்.

சிறு கல்லைச் சுண்டி எறிவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியை வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது, யாருடைய பல்லையாவது உடைக்கும் அல்லது கண்ணைப் பறிக்கும் என்பதே காரணம். உயிருள்ள பிராணியைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக வைப்பதையும் தடை செய்தார்கள். அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்ற போதனை நாம் அனைவரும் அறிந்ததே.

அறிஞர்களின் இரு கருத்துகள்

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் துப்பாக்கி இல்லை. ஆனால் வில்லால் எறியும் களிமண் உருண்டை இருந்தது. அதற்கு அரபியில் 'புந்துகா' என்று பெயர். புந்துகா பட்டு இறந்தது அடித்துக் கொல்லப்பட்டதே என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி குறிப்பிட்டுள்ளார். பின்னாளில் துப்பாக்கி வந்தபோது அரபிகள் அதற்கு 'புந்துகிய்யா' என்று பெயரிட்டார்கள். உருதுவின் 'பந்தூக்' அதன் உறவுதான். பெயரே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஈயக் குண்டு களிமண் உருண்டையைப் போன்றதா, அம்பைப் போன்றதா?

ஹனஃபி மத்ஹபின் பெரும் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) டமாஸ்கஸில் வாழ்ந்து 1836-இல் மறைந்தவர். அவர் காலத்துத் துப்பாக்கி உருண்டைக் குண்டுத் துப்பாக்கி. ஈயத்துக்குக் கூர்முனை இல்லை, அது வேகத்தாலும் கனத்தாலும் சூட்டாலும்தான் காயப்படுத்துகிறது, ஆகவே அதனால் இறந்தது கூடாது என்பது அவர் கருத்து. ஏறத்தாழ அதே காலத்தில் யமனில் வாழ்ந்த இமாம் ஷவ்கானி (ரஹ்) வேறு முடிவுக்கு வந்தார். குண்டு உடலைத் துளைத்து உள்ளே போகிறது, ஆகவே அது அம்பைப் போன்றதே, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டிருந்தால் கூடும் என்றார். மாலிகி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பலரும் இந்தப் பக்கமே. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர், கூர்முனையுள்ள குண்டையும் பழைய உருண்டையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருதினார்கள்.

இரு தரப்பாரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். துளைப்பது கூடும், நசுக்குவது கூடாது. ஈயக் குண்டு என்ன செய்கிறது என்பதை மதிப்பிடுவதில்தான் வேறுபட்டார்கள். ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் வேறுபாடே இல்லை. குண்டடிபட்ட பிராணி உயிரோடு கைக்குக் கிடைத்து, முறைப்படி அறுக்கப்பட்டால் அது ஹலால்.

இந்த அளவுகோலை நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியோடு வைத்துப் பார்ப்போம். வழவழப்பான குழல், உருண்டைக் குண்டு அல்லது பால்ரஸ், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் சுடுவது, காயத்தோடு ஓடிய விலங்கை மறுநாள் தேடி எடுப்பது. துளைத்ததா, அடித்ததா? குண்டால் செத்ததா, பள்ளத்தில் விழுந்து செத்ததா? வேட்டைப் பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ண வேண்டாம், அம்பு கொன்றதா தண்ணீர் கொன்றதா என்று உங்களுக்குத் தெரியாது என்பதும் அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதே. காரணம் தெரியாத இடத்தில் ஒதுங்கிக்கொள்வதே பாடம். பொட்டலமாக வந்த கறியில் இவற்றில் எதையும் நம்மால் சரிபார்க்க முடியாது. சுட்டவர் யார், என்ன சொல்லிச் சுட்டார், அறுக்கும்போது உயிர் இருந்ததா என்பதெல்லாம் விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே.

ஈயம் உணவில் கலந்தால்

மூன்றாவது விஷயம் உடல்நலம். ஈயம் மென்மையான உலோகம். அதனால்தான் குண்டுக்குப் பயன்பட்டது, அதனால்தான் ஆபத்தும். எலும்பில் மோதினால் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள சதையில் தங்கும். வேகம் மிகுந்த நவீன ரைஃபிள் குண்டுகள் அதிகம் சிதறும். மெதுவாகச் செல்லும் பழைய உருண்டை அந்த அளவுக்குச் சிதறுவதில்லை. ஆனால் ரவை போட்டுச் சுட்டால் ஈயமணிகளே முழுதாகச் சதைக்குள் கிடக்கும். புளியும் தக்காளியும் சேர்த்துக் குழம்பு வைக்கும் வழக்கம் நமக்கு. புளிப்பு ஈயத்தைக் கரைத்து இறக்கும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் குழந்தைகளின் மூளையையும் கர்ப்பிணிகளையும் அது அதிகம் பாதிக்கும். குண்டடிபட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்ற கழுகுகள் ஈய நஞ்சால் செத்து விழுந்ததைக் கண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே முழுவதுமாகத் தடை செய்தது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையும் 2024-இல் ஈயத் தோட்டாவையும் தடை செய்தது. அங்கெல்லாம் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

இதுவரை சொன்ன அத்தனையும் கூடிவந்தாலும், இந்தியாவில் ஒரு தடை அப்படியே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. மான், காட்டுமாடு, முயல், காட்டுப்பன்றி, கௌதாரி எல்லாம் அதில் அடங்கும். சுடுவது மட்டும்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும்கூட வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். காட்டுமாடு போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

துப்பாக்கிக்குத் தனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பழைய வாய்வழித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். "தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் சும்மாதான் கிடக்கிறது" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. குடகு மக்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு இருப்பதை நம்மில் சிலர் சுட்டிக்காட்டுவதுண்டு. அது அவர்களுக்கென்று தனியாக அறிவிக்கப்பட்ட விலக்கு. திண்டுக்கல்லில் இருக்கும் நமக்குப் பொருந்தாது.

சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல்தான் அறிவிக்கப்பட்டது. கடவூர், அய்யலூர் பக்கம் தேவாங்குகளுக்கென்று 2022-இல் நாட்டின் முதல் சரணாலயம் நம் மாவட்டத்தையும் கரூரையும் சேர்த்து அமைக்கப்பட்டது. இவ்வளவு காலம் தாழ்த்திக் காக்கத் தொடங்கிய காடுகள் இவை.

விவசாயியின் கஷ்டம்

நியாயமான ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் காட்டுப்பன்றி உழுதுபோட்டுவிட்டால் விவசாயி என்ன செய்வார்? அந்த வேதனை உண்மையானது. ஆனால் அதற்காக நாட்டுத் துப்பாக்கியையும் அவுட்டுக்காயையும் கையில் எடுத்தால் பாதிக்கப்படுவது பன்றி மட்டுமல்ல. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் சாகும் யானைகள், கால்நடைகள் பற்றிய செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். இருட்டில் அசைவைப் பார்த்துச் சுட்டு, உடன் வந்த மனிதனையே கொன்ற செய்திகளும் உண்டு.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழிமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் தேவைப்பட்டால் வனத்துறையினர் சுடலாம். சுடும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டுமே, விவசாயிக்கு இல்லை. பயிர் சேதமானால் உடனே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து இழப்பீடு கோருவதே பாதுகாப்பான வழி.

வெளிநாட்டில் வாழ்வோருக்கு

நம் வாசகர்களில் சிலர் வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழ்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் உண்டு. உரிமமும் பயிற்சியும் பெற்று அதில் ஈடுபடுவோர் குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

குழலின் புரிக்கு ஏற்றதே குண்டு. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுபோல மெதுவாகத் திரும்பும் புரிக்கு உருண்டை பொருந்தும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வேகமாகத் திரும்பும் புரிக்குக் கூம்புக் குண்டு வேண்டும். 48 அங்குலம் என்றால் இரண்டுக்கும் இடைப்பட்டது. மாற்றிப் போட்டால் குறி தவறும், குறி தவறினால் காயம்தான் மிஞ்சும். உருண்டையை வைத்துக்கொண்டு தொலைவில் சுட வேண்டாம். விலங்கு கிட்டே வரும்வரை பொறுத்திருக்க முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். மார்க்கக் கோணத்தில் கூர்முனையுள்ள கூம்புக் குண்டு ஐயத்துக்கு இடம் குறைவானது. செம்பில் செய்ததென்றால் ஈயத்தின் கேடும் இல்லை. அந்த மாநிலம் எந்தக் குண்டை அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். விசையை இழுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். விழுந்ததும் விரைந்து சென்று, உயிர் இருந்தால் கத்தியால் அறுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் அறிஞர்களின் கருத்து வேறுபாடு உங்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினையாக இருக்காது. நீங்கள் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவதும் நல்லது.

வாசலுக்கு வரும் பொட்டலம்

திரும்பவும் நம் ஊருக்கு வருவோம். வேட்டைக்கறி வாசலுக்கு வந்தால் மூன்று கேள்விகள் போதும். இந்த விலங்கை வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறதா? குண்டு துளைத்ததா, அல்லது உயிரோடு பிடித்து அறுத்தார்களா என்பதை நேரில் பார்த்துச் சொல்ல நம்பகமான ஒருவர் உண்டா? இதில் ஈயம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? நம் பகுதியில் முதல் கேள்வியிலேயே விடை முடிந்துவிடுகிறது. எஞ்சிய இரண்டும் நாம் ஏன் வருத்தப்பட வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆடும் கோழியும் பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடையும் கண்ணெதிரே அறுத்துக் கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். பசிக்காக யாரும் காட்டுக்குள் போக வேண்டிய நிலை நமக்கு இல்லை. மான்கறி தின்றேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமைக்காக ஓர் உயிரைச் சித்திரவதைக்கு ஆளாக்கவும், வீட்டுப் பிள்ளையை வழக்கில் சிக்கவைக்கவும் வேண்டாம். உறவினரோ நண்பரோ கொடுத்தாலும் மரியாதையாக மறுத்துவிடலாம். பரணில் பழைய துப்பாக்கி இருந்தால், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள்.

இஹ்ராம் அணிந்தவர்களுக்கு வேட்டையைத் தடுத்ததைச் சொல்லும் இடத்தில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை வைத்துச் சோதிப்பான் என்று திருக்குர்ஆன் (5:94) எச்சரிக்கிறது. எட்டும் தூரத்தில் இருந்தும் கை நீட்டாமல் இருப்பதே அங்கே சோதனை. சிறுமலை அடிவாரத்தில் வாழும் நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய பாடம்தான். அல்லாஹ் நன்கறிந்தவன்.